ராணுவத் தீர்ப்பும் ரிட் மனுவும்: வேலூர் 1806 முதல் டெல்லி 2023 வரை

வேலூர் மாவட்டத்தில் அமிர்தி மலையடிவாரத்தை ஒட்டிய கணியம்பாடி வட்டாரத்துக்கும் ராணுவத்துக்கும் உறவு நெடியது. கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அங்கிருந்து போன ஒரு சிப்பாயை ராணுவ நீதிமன்றம் தண்டித்தால், அவருக்காக வழக்கறிஞர் எங்கே வாதாடலாம்? ராணுவ விதிகள் தாமாக இளகி இந்த உரிமை வரவில்லை. உயர் நீதிமன்றங்களின் ரிட் (நீதிப்பேராணை) அதிகாரத்தின் வழியாகவே அது வளர்ந்தது, இடையில் ஒருமுறை முடங்கவும் செய்தது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

கோட்டைக்குள் முடிந்த நீதி

கிழக்கிந்தியக் கம்பெனி புகுத்திய புதிய தலைப்பாகையை ஏற்க மறுத்த சிப்பாய்களுக்கு 1806 மே மாதத்திலேயே ராணுவ விசாரணையும் தண்டனையும் கிடைத்தன. ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் புரட்சி வெடித்தது. அடக்குமுறைக்குப் பின் நடந்த விசாரணையில் ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர். ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டனர். சென்னையில் 1801 முதலே உச்ச நீதிமன்றம் இயங்கியபோதும், ராணுவத் தீர்ப்பை எதிர்த்து அங்கே முறையிட சிப்பாய்க்கு வழியில்லை.

அரசமைப்பு தந்த பிடி

சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு சட்டங்கள் ஒரே ஆண்டில் அருகருகே வந்தன. 1950 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 227(4)ஆம் பிரிவு, படைத்துறை நீதிமன்றங்களை உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கியது. ஆனால், ரிட் அதிகாரம் தரும் 226ஆம் பிரிவில் அத்தகைய விலக்கு இல்லை. வழக்கறிஞர்களின் வாதம் இந்த இடைவெளியில்தான் காலூன்றியது.

அதே ஆண்டின் ராணுவச் சட்டம் சுருக்க விசாரணை முறையைத் தொடர்ந்தது. இதில் படைப்பிரிவுத் தளபதி ஒருவரே நீதிமன்றம்; ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளின் 129ஆம் விதி, குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கறிஞரைத் துணைக்கு வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அந்த வழக்கறிஞர் ஆலோசனை சொல்லலாம். சாட்சியிடம் கேட்க வேண்டிய கேள்வியை எடுத்துக்கொடுக்கலாம். ஆனால், சாட்சியைத் தாமே விசாரிக்கவோ நீதிமன்றத்தை நோக்கி ஒரு சொல் பேசவோ கூடாது. அங்கே அடக்கிவைத்த வாதத்தை அவர் உயர் நீதிமன்றத்தில்தான் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது.

சிக்னல்மேன் ரஞ்சித் தாக்கூரின் வழக்கு இதற்குச் சான்று. தம் மேலதிகாரி கொடுமைப்படுத்துவதாக மேலிடத்துக்கு நேரடியாக மனு அனுப்பியதற்காக அந்தச் சிக்னல்மேனுக்கு 28 நாள் கடுங்காவல் கிடைத்தது. காவலில் இருந்தபோது, 1985 மே 29 அன்று, சாப்பிடும்படி இட்ட உத்தரவை மறுத்தார். மறுநாளே சுருக்க விசாரணை. ஓராண்டுச் சிறை, பணிநீக்கம். அவர் யார்மீது புகார் சொன்னாரோ அந்த அதிகாரியே விசாரணை அமர்வில் இருந்தார். உயர் நீதிமன்றம் தொடக்க நிலையிலேயே அவருடைய ரிட் மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றமோ, பாரபட்சத்தையும் குற்றத்துக்குப் பொருந்தாத தண்டனையையும் காட்டி 1987இல் தீர்ப்பை ரத்து செய்தது.

மேல்முறையீடும் முட்டுக்கட்டையும்

பிரிட்டனில் 1951 முதலே ராணுவத் தீர்ப்புகளுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு. இந்தியாவில் அது இல்லாத குறையை உச்ச நீதிமன்றம் 1982இல் பிரிதி பால் சிங் பேடி வழக்கில் சுட்டிக்காட்டியது. 1999இல் சட்ட ஆணையத்தின் 169ஆம் அறிக்கையும் பரிந்துரைத்தபின், 2007இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் இயற்றப்பட்டு, 2009இல் தீர்ப்பாயம் செயல்பாட்டுக்கு வந்தது. சென்னையிலும் ஓர் அமர்வு ஏற்பட்டது.

இந்த முன்னேற்றமே அடுத்த தடைக்கு அடிப்படையானது. தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்க்க உச்ச நீதிமன்றம் செல்லச் சட்டம் வழி செய்திருப்பதால், உயர் நீதிமன்றங்கள் அத்தகைய ரிட் மனுக்களை ஏற்கக் கூடாது என்று 2015 மார்ச்சில் ஸ்ரீகாந்த் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் அந்த மேல்முறையீட்டுக்கு, பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி இருக்க வேண்டும். தன் ஓய்வூதியத்துக்காகப் போராடும் அமிர்திப் பக்கத்து முன்னாள் சிப்பாய்க்கு, சென்னை உயர் நீதிமன்றம் மூடப்பட்டு, எட்டாத டெல்லி மட்டுமே எஞ்சியது.

இந்த நிலையை 2023 மார்ச் 21 அன்று, பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு மாற்றியது. 226ஆம் பிரிவின் அதிகாரத்தை உயர் நீதிமன்றங்கள் தன்னடக்கத்தோடு பயன்படுத்துவது வேறு, அதற்குத் தடையே விதிப்பது வேறு என்று அது வரையறுத்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவே உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்துக்கு விலக்களித்திருந்ததும் இந்த முடிவுக்கு வலுச்சேர்க்கிறது.

முடிபு

உயர் நீதிமன்றம் சாட்சிகளை மீண்டும் விசாரிப்பதில்லை. பெரிதும் விசாரணை ஆவணங்களைக் கொண்டே குறை காண்கிறது. எனவே வாதத்தின் வலிமை அந்த ஆவணங்களில் இருக்கிறது. 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளின் 147ஆம் விதிப்படி அவற்றின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை தண்டிக்கப்பட்டவருக்கு உண்டு. ஆவணங்கள் அழிக்கப்படும் வரைதான் அந்த உரிமை செல்லும். ஆகவே, படைவீரர் குடும்பங்கள் வழக்கறிஞரைத் தேடும் முன்பே அந்த நகலைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.