விளக்கேற்றிய பின் பூங்கா யாருக்கு?

சில மாதங்களுக்கு முன்னர் கனடாவில் வசிக்கும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். பிள்ளைகளின் விடுமுறைக்கு அமெரிக்கா சென்று, அங்குள்ள பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றைப் பார்த்து வந்த கதையைச் சொன்னாள். பூங்காவின் பெயர் இங்கு அவசியமில்லை. நாள் முழுவதற்கும் செல்லுபடியாகும் என எண்ணி நுழைவுச்சீட்டு வாங்கியிருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்திருக்கிறது. அன்றிரவு வளர்ந்தோருக்கு மாத்திரமான விசேட நிகழ்ச்சி ஒன்று நடைபெறுவதாகவும், அதற்கெனத் தனிச்சீட்டு வாங்காதோர் வெளியேற வேண்டும் எனவும் கூறப்பட்டதாம். ஒன்பது வயதான என் மருமகன் கடைசியாக ஏறுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த குதிரை ராட்டினம் கண்முன்னே சுழன்றுகொண்டிருக்க, அவனை இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்திருக்கிறார்கள். தாயிடமிருந்து தொலைபேசியை வாங்கி அவன் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, பெரிய ஆக்களுக்கு ஏன் ராட்டினம்?"

முப்பது ஆண்டுகளாகப் பிறரிடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல இயலவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறித் தப்பித்துக்கொண்டேன். தேடியபோது தெரிய வந்தவையே இக்கட்டுரை.

முதலில் அந்த ராட்டினத்தையே எடுத்துக்கொள்வோம். குதிரை ராட்டினத்தை மேலைநாட்டார் 'கரோசல்' என்பர். அச்சொல் பதினேழாம் நூற்றாண்டு அரசவைகளில் நடைபெற்ற குதிரைவீரர் விளையாட்டைக் குறித்தது. 1662ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னன் பாரிஸ் நகரின் துய்லரி அரண்மனை முன்றலில் நடத்திய கரோசல் பிரசித்தமானது. அவ்விடம் இன்றும் அப்பெயராலேயே அழைக்கப்படுகிறது. குதிரையில் விரைந்து சென்று, தொங்கும் வளையத்தை ஈட்டியால் குத்தி எடுப்பது அவ்விளையாட்டுகளில் ஒன்று. அதைப் பழகுவதற்காகச் சுழலும் மரக்குதிரைகள் செய்யப்பட்டன. ஆகவே ராட்டினம் பிறக்கும்போது அது பெரியவர்களின் பொருளாகவே இருந்தது.

பூங்காவின் கதையும் அவ்வாறானதே. லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் அமைந்திருந்த வொக்ஸ்ஹோல் தோட்டமே இன்றைய கேளிக்கைப் பூங்காக்களுக்கு முன்னோடி எனலாம். 1660களிலேயே நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் அங்கு சென்று வந்ததை எழுதி வைத்திருக்கிறார். 1729இல் அதனைக் குத்தகைக்கு எடுத்த ஜொனதன் டயர்ஸ் என்பவர், 1732இல் அதைப் புதுப்பித்துத் திறந்தார். நுழைவுக் கட்டணம் ஒரு சிலிங். இசைமேடை, இரவுணவுக் கூடங்கள், ஓவியங்கள், வாணவேடிக்கை என்று எல்லாம் இருந்தன. அங்கு விற்கப்பட்ட பன்றியிறைச்சித் துண்டு, அதனூடாகப் பத்திரிகை வாசிக்கலாம் என்று கேலி பேசப்படும் அளவுக்கு மெல்லியதாய் இருந்ததாம். பத்திரிகைக்காரனாகிய எனக்கு அந்தக் கேலி மிகவும் பிடித்திருந்தது.

வொக்ஸ்ஹோலின் பெரும் கவர்ச்சி இருள் சூழும் வேளையில் தொடங்கும். ஆயிரக்கணக்கான எண்ணெய் விளக்குகள், திரிகள் இணைக்கப்பட்டு, கிட்டத்தட்ட ஒரே கணத்தில் ஏற்றப்படும். மின்சாரம் அறியாத அக்கால மக்களுக்கு அது எத்தகைய அதிசயமாய் இருந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகள் அங்கு விலக்கப்படவில்லை. ஆனால் அவர்களுக்காக அது அமைக்கப்படவுமில்லை. விளக்கு ஏற்றப்படாத ஒரு பாதையும் அங்கிருந்தது. 'இருள் நடை' என்று அழைக்கப்பட்ட அப்பாதை காதலருக்கும் களவாளிகளுக்கும் புகலிடமாயிற்று. 1760களில் அதனை அடைக்குமாறு நீதவான்கள் வற்புறுத்தினர். பூங்காவின் இரவு பற்றிய வழக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழைமையானது என்பதை இதிலிருந்து அறியலாம்.

வொக்ஸ்ஹோல் 1859இல் மூடப்பட்டது. ஆனால் நம் விவாதத்துக்கு அதைவிட முக்கியமானது, செல்சி பகுதியில் 1845இல் தொடங்கப்பட்ட கிரெமோர்ன் தோட்டம். பகலில் பலூன் ஏற்றம், வேடிக்கைகள், தேநீர். குடும்பத்தோடு தொழிலாளரும் சிறுவணிகரும் வருவர். இரவிலோ நடனமேடையும் மதுவும். 1850களில் அங்கு சென்று பார்த்த வில்லியம் அக்டன் என்ற மருத்துவர், பொழுது சாயும் வேளையில் குடும்பத்தவர் வெளியேறுவதையும், வேறொரு கூட்டம் உள்ளே வருவதையும் பதிவு செய்திருக்கிறார். விலைமாதர் பற்றிய ஆய்வுநூலுக்காகச் சென்றவர் அவர் என்பதால், அந்த இரண்டாவது கூட்டம் எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கிரெமோர்னில் அந்த மாற்றத்துக்கு அறிவித்தல் எதுவும் இருக்கவில்லை. இத்தனை மணிவரை இன்னாருக்கு, அதன்பின் இன்னாருக்கு என்று எவரும் எழுதி ஒட்டவில்லை. ஒரே தோட்டம்தான். பொழுது சாயச் சாயப் பூங்காவின் முகம் மாறியது. அயலில் குடியிருந்தோருக்கோ நள்ளிரவுக் கூச்சலும் வாணவெடிச் சத்தமும் தொல்லையாயின. செல்சி ஊர்ச்சபை அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் கூடாதென மீண்டும் மீண்டும் முறையிட்டது. இறுதியில் மதபோதகர் ஒருவர் தோட்டத்தைக் கண்டித்துத் துண்டுப்பிரசுரம் வெளியிட, உரிமையாளர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். வழக்கில் வென்றார். ஆனால் அவருக்குக் கிடைத்த நட்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது ஒரு பென்னியின் நான்கில் ஒரு பங்கு. 1877இல் கிரெமோர்ன் மூடப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிரெமோர்னின் இரவு வாணவேடிக்கையை ஓவியமாகத் தீட்டியவர் விஸ்லர். அந்த ஓவியத்தை ரஸ்கின் கடுமையாகத் தாக்கி எழுத, விஸ்லரும் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1878இல் அவருக்குக் கிடைத்ததும் அதே ஒரு ஃபார்திங்தான். அந்தத் தோட்டத்தின் இரவுக்கு ஆங்கிலேய யூரிமார் இட்ட விலை அவ்வளவே போலும்.

கிரெமோர்ன் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1843 ஓகஸ்ட் 15ஆம் திகதி, டென்மார்க்கின் தலைநகர் கொப்பன்ஹேகனில் டிவோலி பூங்கா திறக்கப்பட்டிருந்தது. அதை அமைத்த கியோர்க் கார்ஸ்டென்சன், மக்கள் களித்திருக்கும்போது அரசியல் பேசமாட்டார்கள் என்று கூறி மன்னர் எட்டாம் கிறிஸ்டியனிடம் அனுமதி பெற்றதாகச் சொல்வார்கள். அதன் ஆரம்பப் பெயரே 'டிவோலியும் வொக்ஸ்ஹோலும்' என்பதாகும். லண்டன் தோட்டத்தின் பெயரைச் சூட்டிக்கொண்ட அப்பூங்கா, லண்டன் தோட்டங்கள் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் நிலைத்திருக்கிறது. 1944இல் நாஸி ஆதரவாளர்கள் அதன் சில கட்டடங்களைத் தகர்த்தபோதும் அது மீண்டெழுந்தது. இரவுக்கும் அங்கு பஞ்சமில்லை. உணவகங்களில் மது பரிமாறப்படுகிறது. 1997 முதல் கோடைகால வெள்ளி இரவுகளில் ரொக் இசை நிகழ்ச்சி நடக்கிறது. ஆனால் அதற்காகப் பிள்ளைகளை வெளியேற்றும் வழக்கம் இல்லை. தாத்தாவுக்கு மேசையும், வாலிபனுக்கு இசையும், பேரனுக்கு ராட்டினமும் ஒரே விளக்கொளியில் கிடைக்கின்றன.

1951இல் டிவோலியைச் சுற்றிப் பார்த்தவர்களுள் ஒருவர் வோல்ட் டிஸ்னி. அதற்கு முன்னரே அவர் மனத்தில் ஒரு குறை இருந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிரிபித் பார்க்கில் தம் இரு மகள்மாரும் குதிரை ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தாம் மட்டும் வாங்கில் அமர்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்ததாக அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இல்லையே என்ற அந்த எண்ணத்திலிருந்து, 1955 ஜூலை 17ஆம் திகதி டிஸ்னிலாண்ட் பிறந்தது. அங்கு பொதுமக்களுக்கு மது விற்கப்படவில்லை. மது வந்தால் அடாவடிக் கூட்டமும் வரும் என்பது அவர் கருத்து. நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் போன்ற பழைய கேளிக்கை இடங்களின் அழுக்கும் இரைச்சலும் தம் பூங்காவை அண்டக்கூடாது என்பதில் அவர் உறுதியாயிருந்தார்.

ஆக, 'குடும்பப் பூங்கா' என்று இன்று நாம் இயல்பாக எண்ணுவது முக்கியமாக இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான ஒரு வாக்குறுதியே. அந்த வாக்குறுதியும் மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1967இல் டிஸ்னிலாண்டினுள்ளேயே அங்கத்தவருக்கு மாத்திரம் மது பரிமாறும் 'கிளப் 33' திறக்கப்பட்டது. 1992இல் தொடங்கிய பாரிஸ் டிஸ்னி பூங்கா, வைன் இல்லாமல் உணவருந்தப் பிரெஞ்சுக்காரர் விரும்பாமையால் மறு ஆண்டே இறங்கி வந்தது. புளோரிடாவின் மெஜிக் கிங்டம் பூங்கா 1971 முதல் காத்த விரதத்தை 2012இல் ஓர் உணவகத்தில் விட்டது. கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்டிலும் 2019 முதல் ஒரு மதுச்சாலை பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. வானம் இடிந்து விழவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வளர்ந்தோருக்கான இரவைத் தனியே பிரித்தமைக்கும் முன்னுதாரணங்கள் உண்டு. 1989இல் புளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் 'பிளெஷர் ஐலண்ட்' என்ற பெயரில், பூங்காக்களுக்கு வெளியே, நடனக் கூடங்கள் கொண்ட தனிப் பகுதியையே அமைத்தது. நாள்தோறும் நள்ளிரவில் புத்தாண்டு கொண்டாடி வாணம் விட்ட அந்த இடத்தின் கூடங்கள் 2008இல் மூடப்பட்டன. மறுபுறம், கலிபோர்னியாவின் நொட்ஸ் பெரி ஃபார்ம் 1973 ஒக்டோபரில் தொடங்கிய பேய் இரவுகளும், ஓர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனம் 1991இல் தொடங்கிய திகில் இரவுகளும் நிலைத்துவிட்டன. இவற்றுக்குத் தனிச்சீட்டு வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு உகந்ததல்ல என்று முன்கூட்டியே எச்சரிக்கப்படுகிறது. கொடுமை என்னவென்றால், தொல்லை எப்போதும் வளர்ந்தோரால் மாத்திரம் வருவதில்லை. 2022இல் பதின்ம வயதினரிடையே மூண்ட சண்டைகளின் பின்னர், பெரியவர் ஒருவரின் துணையின்றி அவர்கள் குறிப்பிட்ட நாட்களில் வரக்கூடாதென அதே நொட்ஸ் பூங்கா விதித்தது.

இவற்றையெல்லாம் படித்தபோது என் தந்தையார் சொல்லக் கேட்ட கதை ஒன்று நினைவுக்கு வந்தது. அவருடைய இளமைக்காலத்தில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் சுவாமி வீதி வலம் வந்த பின், நள்ளிரவு கடந்து சின்னமேளம் ஆடுமாம். ஊர்ப் பெரியவர்களில் ஒரு சாரார் அதைக் கண்டித்தனர். மறு சாரார் முன்வரிசையில் அமர்ந்தனர். பிள்ளைகளோ கோயில் வீதியில் விரித்த பாயில் தாய்மாரின் மடியருகே உறங்கிக்கிடந்தனர். நித்திரை வந்ததால் அவர்களின் நாள் முடிந்தது. எவரும் அவர்களை எழுப்பி வாசலுக்கு அனுப்பவில்லை.

குடும்பப் பூங்காக்கள் வளர்ந்தோருக்கென மாலை நிகழ்ச்சிகளை நடத்தலாமா என்று என்னைக் கேட்டால், நடத்தலாம் என்றே சொல்வேன். இரவும் விளக்கும் இசையும் பெரியவர்களுக்கு யாரோ இரவல் கொடுத்தவை அல்ல. அவர்களே அவற்றின் மூத்த உரித்தாளர்கள். பிள்ளை பெற்றவர்க்கும், பெறாதவர்க்கும், பெற்று வளர்த்து அனுப்பிவிட்டுத் தனித்திருப்பவர்க்கும் ஆண்டில் சில இரவுகள் ராட்டினத்தில் ஏற உரிமை உண்டு.

ஆனால் கிரெமோர்ன் கற்பித்த பாடத்தை மறக்கலாகாது. அதை மூடவைத்தது வெறும் மதுவும் நடனமும் அல்ல. எவருக்கும் சொல்லாமல் மாறிய நேரமும், அயலாரின் உறக்கத்தை மதியாமையுமே அதன் பகைவர்களுக்கு ஆயுதமாயின. இன்றைய பூங்காவோ மறுகோடிக்குச் சென்று, ஒரே நாளை இரு தடவை விற்கிறது. பகல்சீட்டு வாங்கியவனின் மாலையை வெட்டியெடுத்து வேறொருவனுக்கு விற்பது, குடும்பத்துக்கு அளித்த வாக்கை மீறுவதாகும். வளர்ந்தோர் இரவு வேண்டுமாயின், பகல் எத்தனை மணிக்கு முடிகிறது என்பதைச் சீட்டு விற்கும்போதே பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். குறைந்த நேரத்துக்குக் குறைந்த விலை வாங்க வேண்டும். விடுமுறைக்காலத்தின் நல்ல மாலைகளைப் பிள்ளைகளுக்கு விட்டுவைக்க வேண்டும். அதைவிடச் சிறந்தது டிவோலியின் வழி. ஆனால் அதற்கு நூற்றாண்டுக்கணக்கான பழக்கம் வேண்டும்.

சென்ற வாரம் மருமகனிடம் பேசினேன். ராட்டினம் முதலில் குதிரைவீரருடையது, பின்னர்தான் உங்களிடம் வந்தது என்று சொன்னேன். சற்று யோசித்தான்.

"அப்ப ரெண்டு பேரும் ஏறலாம்தானே, மாமா?" என்றான்.

வோல்ட் டிஸ்னி அந்த வாங்கில் இருந்து யோசித்ததும் அதைத்தான் என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. "ஏறலாம், ஆனால் எத்தனை மணிக்கு என்று முதலே கேட்டுக்கொள்ள வேண்டும்" என்று மாத்திரம் சொன்னேன்.