தோட்டத்துக் கூத்தும் பேராதனை மேடையும்

கொத்மலை ஓயாவின் நீரையும் ஏந்திய மகாவலி, பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடுகிறது. தமிழ்க் கூத்து பல்கலைக்கழக மாணவரின் ஆடற்பயிற்சியானது அவ்வாற்றங்கரையிலேதான். கூத்து நடந்த தோட்டங்களிலிருந்து பாடசாலைக்கு வந்த நாம், இந்நூற்றாண்டு மலரில் அதை நினைவுகூர்வது பொருத்தமே.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்துகளை மாணவருக்குப் பழக்குவித்தார். 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' தொடர்ந்தன. வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்ட கூத்து, ஒரு திசை நோக்கிய மேடைக்கேற்பச் சுருங்கியது. ஆட்டம் பழக்கியவரோ கிராமத்து அண்ணாவியார். அவர் தாளக்கட்டை வாயால் சொல்லி, காலால் மிதித்துக் காட்ட, மாணவர் பார்த்துப் பழகினர். மூச்சுப் பிசகாமல் பாடியபடியே ஆடுவது எத்தகைய உடற்பயிற்சி என்பதை எம்மில் மருத்துவரானோர் அறிவோம். 'இராவணேசன்' எழுதி, இராவணனாகவும் ஆடிய சி. மௌனகுரு, பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியரானார்.

எமது தோட்டங்களில் மாசி பிறந்தால் காமன் கூத்து. தப்பு முழங்க மன்மதனும் ரதியும் ஆடுவர். சிவன் மன்மதனை எரிப்பதைக் காண லயமே திரளும். ரதி வேடமும் ஆண்களே கட்டினர். சிறுமிகளான நாம் வாசலில் நின்று பார்த்தோம். பாடசாலை மேடையில் நாம் ஆடியது பரதம். தப்பின் ஓசை அங்கே ஏறவில்லை.

அண்ணாவியாரைப் பல்கலைக்கழகம் ஆசானாக ஏற்றபோது, கூத்தோடு அதை ஆடியோரும் மதிப்புப் பெற்றனர். எமது காமன் கூத்து வாத்தியார்மாரும் அம்மதிப்புக்கு உரியவர்களே. இரண்டாம் நூற்றாண்டில் கால்வைக்கும் எமது பாடசாலை அவர்களை மண்டபத்துக்கு அழைக்கட்டும். ரதியின் ஆட்டத்தை எமது பிள்ளைகள் பழகட்டும்.