பேசும் கணினியும் பேசாத பாடநூலும்

பார்வையற்ற மாணவர்களுக்கும், அச்செழுத்தை வாசிப்பதில் இடர்ப்படும் மாணவர்களுக்கும் உதவக்கூடிய மென்பொருட்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால், அவை வாசிக்கக்கூடிய வடிவில் தமிழ்ப் பாடநூல்கள் இருந்தால்தான் வகுப்பறையில் அவற்றால் பயன் உண்டு.

உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு துணைக்கருவி தேவைப்படுவதாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 100 கோடி பேருக்கு அவை எட்டாமல் இருப்பதாகவும் அதில் கூறப்பட்டிருந்தது. மூக்குக் கண்ணாடி, சக்கர நாற்காலி, காதுகேட்கும் கருவி ஆகியவற்றுடன் கணினி மென்பொருட்களும் இத்துணைக்கருவிகளில் அடங்கும்.

குரலும் புள்ளியும்

கணினித் திரையிலுள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றித் தருவது 'திரைவாசிப்பான்' எனப்படும் மென்பொருள். 1989 இல் முதன்முதலாக வெளிவந்த 'ஜாஸ்' நீண்டகாலம் இத்துறையில் முன்னணியில் இருந்தது. எனினும் அதன் விலை பல பள்ளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006 இல் உருவாக்கத் தொடங்கிய 'என்விடிஏ' இலவசமாக வழங்கப்படுகிறது. அதனுடன் வரும் 'ஈஸ்பீக்' குரல் தமிழையும் வாசிக்கிறது.

டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கும் இத்தகைய மென்பொருட்கள் உதவுகின்றன. வாசிக்கப்படும் சொல்லைத் திரையில் வண்ணமிட்டுக் காட்டும் மென்பொருட்களின் துணையுடன், கேட்பதையும் காண்பதையும் இம்மாணவர்கள் இணைத்துப் பின்தொடர முடிகிறது.

ஆனால் குரல் மட்டுமே கல்விக்குப் போதுமானதல்ல. 'ந', 'ன' ஆகிய எழுத்துகளின் வேறுபாட்டைக் காதால் கேட்டு மட்டும் அறிவது கடினம். இதனால், கேட்டு மட்டுமே பயிலும் பார்வையற்ற மாணவருக்குப் பிழையின்றி எழுதும் பயிற்சி கிட்டாமல் போகலாம். 1951 இல் வகுக்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில் இவ்வெழுத்துகளுக்குத் தனித்தனிப் புள்ளி வடிவங்கள் உண்டு. திரையிலுள்ள வரியை விரலால் தொட்டு வாசிக்கும்படி புள்ளிகளை உயர்த்திக் காட்டும் பிரெயில் கருவிகளும் இருக்கின்றன. எனினும் அவற்றின் விலை இன்னமும் அதிகம்.

எழுத்துருச் சிக்கல்

தமிழைப் பொறுத்தவரை மற்றொரு தடையும் உள்ளது. ஒருங்குறி முறையில் 1991 ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் அதற்குப் பின்னரும் நீண்டகாலம் அச்சகங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களையே பயன்படுத்தின. இவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டுள்ளன. கண்ணுக்கு 'அம்மா' என்று தெரியும் சொல், கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற வரிசை மட்டுமே. திரைவாசிப்பானும் அதையே ஒலிக்கும்.

பக்கங்களைப் படமாக எடுத்துச் சேமித்த கோப்புகளின் நிலைமை இதைவிட மோசமானது. எழுத்துகளை இனங்காணும் மென்பொருளின் உதவியின்றி, அவற்றில் திரைவாசிப்பான் வாசிப்பதற்கு எதுவும் இருப்பதில்லை.

தமிழ்நாட்டு அரசு 2010 இல் ஒருங்குறியை அதிகாரபூர்வத் தரங்களுள் ஒன்றாக ஏற்றது. எனினும் அதற்கு முன்னர் தட்டச்சு செய்யப்பட்ட நூல்கள் தாமாகவே மாறிவிடுவதில்லை.

சட்டமும் நடைமுறையும்

பதிப்புரிமை பெற்ற நூல்களைப் பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் மாற்றுவதற்கும், நாடுகளுக்கிடையே பகிர்வதற்கும் 2013 ஆம் ஆண்டின் மரகேஷ் உடன்படிக்கை வழிசெய்கிறது. 2014 இல் அதை உறுதிசெய்த முதல் நாடு இந்தியா. இலங்கை 2016 இல் அதில் இணைந்தது.

இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதத்திற்குக் குறையாத குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை நூல்களும் துணைக்கருவிகளும் இலவசமாகத் தரப்பட வேண்டும் என்கிறது. பிரிட்டனில், 2010 ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின் கீழ் துணைக்கருவிகள் தொடர்பாகப் பள்ளிகளுக்கு உள்ள கடமை 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் சட்டம் கருவியைப் பெற்றுத் தருவதோடு மாணவரின் தேவை முடிந்துவிடுவதில்லை. ஆண்டு முழுவதும் கணினியில் பயின்றவர், தேர்வறையில் மட்டும் தாம் சொல்வதை எழுத மற்றொருவரை நாட நேர்ந்தால், அவர் பெற்ற பயிற்சி அங்கு பயன்படாது. தேர்வைக் கணினியிலோ பிரெயிலிலோ எழுதும் தெரிவை இயன்றவரை அளிக்குமாறு இந்திய அரசின் 2013 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறின. அத்தெரிவு பயன்தர வேண்டுமானால், ஆசிரியரும் அக்கருவியை அறிந்திருப்பது அவசியம்.

புலம்பெயர் நாடுகளின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. வார நாட்களில் ஆங்கிலப் பாடத்தைத் திரைவாசிப்பானில் பயிலும் சிறுவருக்கு, பழைய எழுத்துருவில் அமைந்த தமிழ்ப் பாடத்தாளை அதே கணினி வாசித்துத் தராது. தாய்மொழி கடினமானது என்று அவர் எண்ணிவிடக்கூடும். உண்மையில் கடினமாக இருப்பது கோப்பின் வடிவம்.

இதைச் சீர்செய்யப் பெரும் நிதி தேவையில்லை. பாடங்களை ஒருங்குறியில் தட்டச்சு செய்வதும், தலைப்புகளைத் தலைப்புகளாகவே குறிப்பதும், படங்களுக்கு ஓரிரு வரி விளக்கம் சேர்ப்பதும் பாடநூலைத் தயாரிப்பவர்கள் தொடக்கத்திலேயே செய்யக்கூடிய பணிகள். அவை விடுபட்டால், ஒவ்வொரு மாணவருக்காகவும் அதே நூலை மீண்டும் மாற்றியமைக்கும் சுமை பெற்றோர் மீதும் ஆசிரியர் மீதும் விழுகிறது.