நுனாவுட் பிரிவினையும் நிதிக் கணக்கில் விடுபட்ட மொழியும்

கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதி 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் இரண்டாகப் பிரிந்தது. கிழக்குப் பகுதி நுனாவுட் என்னும் தனி ஆட்சிப்பகுதியாயிற்று. இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியில் இப்பெயர் ‘எங்கள் நிலம்’ எனப் பொருள்படும். 1982ஆம் ஆண்டு வாக்கெடுப்பும் 1993ஆம் ஆண்டு நில உரிமை உடன்படிக்கையும் பலரால் எழுதப்பட்டுள்ளன. பிரிவினைக்கு முன் நிகழ்ந்த நிதிப் பேச்சு அத்துணைக் கவனம் பெறவில்லை.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். உடன்படிக்கையின்படி 14 ஆண்டுகளில் அளிக்கப்படவிருந்த ஏறத்தாழ 115 கோடி டாலர் நில உரிமைக்கான இழப்பீடாகும்; அது இனுயிட் அமைப்புகளைச் சார்ந்தது. அரசை நடத்தும் பணம் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை.

ஆட்சிப்பகுதிகளுக்கான நடுவணரசின் கொடை 1985 முதல் ஒரு வாய்பாட்டின்படி கணிக்கப்பட்டு வந்தது. செலவுத் தேவைக்கென ஓர் அடித்தொகை வரையறுக்கப்படும். அதிலிருந்து உள்ளூர் வருவாயைக் கழித்து எஞ்சுவதே கொடை. ஒரே அடித்தொகையை இரண்டாகப் பகுப்பின் இரு அரசுகளும் நலியும். சட்டமன்றம், கருவூலம், அமைச்சகங்கள் யாவும் இரண்டிரண்டாக வேண்டுமல்லவா? ஆகவே 1992ஆம் ஆண்டின் அரசியல் ஒப்பந்தத்தில் ‘நியாயமான கூடுதற் செலவு’ என்னும் கருத்து இடம்பெற்றது. எது நியாயம், எது கூடுதல் என்பதே பின்னைய பேச்சின் உட்பொருள் எனலாம். பணியாளர் பயிற்சி, கட்டடம் முதலியவற்றிற்கென 15 கோடி டாலர் தர 1996இல் நடுவணரசு இசைந்தது.

இனி மொழிக்கு வருவோம். பழைய அரசு 1990இல் பழங்குடி மொழிகளுக்கு ஆட்சிமொழித் தகுதி அளித்திருந்தது; மொழிபெயர்ப்பாளர்களையும் அமர்த்தியிருந்தது. எனினும் கோப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. முன்னர்ச் செய்த செலவை அளவுகோலாகக் கொள்ளும் கணக்கில் முன்னர்ச் செய்யாத செலவுக்கு இடமேது? இனுக்டிடுட்டை அலுவல் மொழியாக்குவதெனில் கலைச்சொற்கள், பாடநூல்கள், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் எனப் புதிதாய் வேண்டுவன பல. அவற்றை மொழிபெயர்ப்புச் செலவு என்னும் ஒரு தலைப்பில் அடக்கிவிட முடியாது. வாய்பாட்டின் குறை இதுவே என்பது என் துணிபு.

விளைவு விரைவிலேயே புலப்பட்டது. மக்கள்தொகைக்கு இணையாக அரசுப் பணியில் இனுயிட் மக்கள் இடம்பெற வேண்டும் என்கிறது உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு. மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ 85 விழுக்காடு. பணியிலோ அப்போது 45 விழுக்காட்டளவே இருந்தனர். 2006இல் இதனை ஆராய்ந்த தாமஸ் பெர்கர் கல்விமொழியிலேயே காரணத்தைக் கண்டார்; இருமொழிக் கல்வியையும் அதற்கெனத் தனி நிதியையும் பரிந்துரைத்தார். அவ்வாண்டே இனுயிட் அமைப்பு உடன்படிக்கை நிறைவேற்றப்படவில்லை எனக் கூறி 100 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. 2015இல் அது 25.55 கோடி டாலருக்குத் தீர்க்கப்பட்டது. அதில் பெரும்பகுதி இனுயிட் மக்களின் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது.