மூன்று சாலைகளில் வந்த ரொட்டி

திருவண்ணாமலையில் மேலைநாட்டுச் சாப்பாட்டுக்கென்றே ஒரு வட்டாரம் இருக்கிறது. பெரிய கோயிலிலிருந்து செங்கம் சாலையில் இரண்டு கிலோமீட்டர் போனால் ரமணாசிரமம். அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் மொட்டை மாடிகளிலும் சாந்தி கஃபே போலப் பல கடைகள். பாஸ்தா, பீட்சா, ஹம்மஸ், எஸ்பிரஸ்ஸோ, வாழைப்பழ பான்கேக் என்று எல்லாம் கிடைக்கும். நடுநாயகமாக ஒரு ரொட்டி இருக்கும். மேலோடு தடித்து, உள்ளே ஓட்டை ஓட்டையாக, லேசாகப் புளித்து மணக்கும் பழுப்பு ரொட்டி.

ஊரின் இன்னொரு பக்கம், வேலூர் சாலையில், வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஏரி, வரிசையாக டீக்கடைகள், பேக்கரிகள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு வருகிறவர்கள் காலையில் கிளம்பிய பசியோடு இங்கேதான் ஒதுங்குகிறார்கள். ஒரு டீ, ஒரு பன். கொஞ்சம் காசிருந்தால் பன் பட்டர் ஜாம். இங்கே விற்பதும் ரொட்டிதான். பளீரென்ற வெள்ளை, பஞ்சு மாதிரி மெத்து, நாக்கில் இனிப்பு.

இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனாலும் அந்தப் பழுப்பு ரொட்டி இந்தப் பக்கம் வருவதேயில்லை. ஒரே ஊருக்கு இரண்டு ரொட்டி எப்படி வந்தது என்று பார்க்க, ஊருக்குள் வரும் சாலைகளைப் பார்த்தாலே போதும்.

கிழக்கே செஞ்சி சாலை. அது திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறது. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் அங்கே பிரெஞ்சு வணிகத்தளத்துக்கு அடிப்போட்டார். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. கொடி இறங்கியது, ரொட்டி அடுப்பு அணையவில்லை. அதற்குள் அதைச் சுட்டவர்களும் தமிழர்கள், தின்றவர்களில் பெரும்பாலோரும் தமிழர்கள். சைகோன் வரை போய் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தா குடும்பங்களும் அவர்களில் உண்டு.

ரொட்டி இந்தியக் கரையில் இறங்கிய கதை இன்னும் பழையது. 1510-இல் போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்தார்கள். ரொட்டி தின்று வளர்ந்தவர்களுக்கு இங்கே மாவைப் புளிக்க வைக்க ஈஸ்ட் இல்லை. தென்னங்கள்ளை ஊற்றிப் பிசைந்தார்கள். ஆப்பத்துக்குக் கள் ஊற்றி மாவு கரைத்த வீடுகளுக்கு அது புரியாத வித்தையல்ல. பார்க்கப்போனால் நம் இட்லி மாவு எந்தக் கள்ளையும் ஈஸ்டையும் நம்பியிருக்கவில்லை. உளுந்திலும் அரிசியிலும் கூடவே வரும் நுண்ணுயிர்கள் ராத்திரியோடு ராத்திரியாக மாவைப் பொங்க வைத்துவிடுகின்றன. ஐரோப்பாவின் சவர்டோ ரொட்டியிலும் அதே வேலைதான் நடக்கிறது. கோதுமை மாவும் தண்ணீரும் சேர்ந்து சில நாள் புளித்த ஒரு கிண்ணம் மாவு. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அன்றைய மாவில் சேர்ப்பார்கள், கொஞ்சம் நாளைக்கென்று வைத்துக்கொள்வார்கள். வேதியியலில் இரண்டும் பங்காளிகள்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமம் 1926-இல் உருவானது. அதன் சாப்பாட்டுக் கூடத்தில் சோறு, தயிர், வாழைப்பழத்தோடு ஆசிரமத்திலேயே சுட்ட ரொட்டியும் தட்டில் இடம் பிடித்தது. 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தொடங்கியது. 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் இட்ட அன்றைய விழாவைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். பிறகு அங்கே வந்து குடியேறியவர்கள் செம்மண் காட்டில் மரம் நட்டுக்கொண்டே ரொட்டியும் சுட்டார்கள், லா ஃபேர்மில் பாலாடைக்கட்டி செய்தார்கள். குயிலாப்பாளையம் பக்கத்துப் பெண்களும் ஆண்களும் இந்த வேலைகளில் கைதேர்ந்தார்கள். தவிட்டோடு அரைத்த மாவு, ராகி, எள் எல்லாம் ரொட்டிக்குள் போனது. அப்போது அது பிரெஞ்சுக்காரர் ரொட்டியாக இல்லை, இந்த மண்ணின் ரொட்டியாகியிருந்தது. செஞ்சி சாலையில் நூறு கிலோமீட்டர் சொச்சம் வந்தால் திருவண்ணாமலை.

ரமணரைத் தேடி வெளிநாட்டவர் வருவது புதிதல்ல. ஹம்ஃப்ரீஸ் என்ற போலீஸ் அதிகாரி 1911-லேயே ரமணரைப் பார்த்தார். பால் பிரண்டன் 1934-இல் எழுதிய புத்தகம் அருணாசல மலையை மேற்குக்கு அறிமுகம் செய்தது. மேஜர் சாட்விக் 1935-இல் வந்து இங்கேயே தங்கிவிட்டார். 1938-இல் சாமர்செட் மாம் வந்தார். பிரண்டனும் சாட்விக்கும் வந்த காலத்தில் ஆசிரமத்துச் சமையற்கட்டில் ரமணரே காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். பந்தியில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு என்பதில் விடாப்பிடியாக இருந்தார். தன் இலையில் மட்டும் எதையாவது கூடுதலாக வைத்தால் ஏற்கமாட்டார். பந்திக்கு வந்த வெள்ளைக்காரரும் அதே தரையில் உட்கார்ந்து, அதே இலையில், அதே சோற்றையும் சாம்பாரையும் தின்றார்கள்.

கஃபேக்களின் காலம் வேறு. 1997-இல் லக்னோவில் எச்.டபிள்யூ.எல். பூஞ்சா காலமானார். ரமணரின் சீடரான அவரைத் தேடி லக்னோவுக்குப் போய்க்கொண்டிருந்த மேலைநாட்டினர் பலர் அதன் பிறகு அருணாசலத்துக்கு வரத் தொடங்கினார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சத்சங்கங்கள், வாடகை வீடுகள், சைக்கிள்கள். மூன்று மாதம் தங்குகிறவருக்கு மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. வயிறு கேட்டதைச் செய்துகொடுக்கக் கடைகள் வந்தன. நாட்டின் மற்ற பயணத்தலங்களில் இதற்கு ஏற்கெனவே ஒரு முன்மாதிரி இருந்தது. புனேயில் ஓஷோ ஆசிரமத்துக்கு அருகே 1989-இல் தொடங்கிய ஜெர்மன் பேக்கரி. 2010 பிப்ரவரி 13-இல் குண்டுவெடிப்பில் 17 உயிர்கள் போன அதே கடை. அதே பெயரில் மணாலி, ஹம்பி, புஷ்கர், லே என்று பயணிகள் தங்கும் ஊரிலெல்லாம் கடைகள் உண்டு.

ஆனால் திருவண்ணாமலைக்கு வந்த மேலைநாட்டுச் சாப்பாடு பல ஊர்களில் காணாத அடக்கத்தோடு வந்தது. மேற்கத்திய உணவுக்கடை என்றால் உலகின் பெரும்பாலான ஊர்களில் பீரும் இறைச்சியும் கூடவே வரும். சீனாவில் லி ஆற்றங்கரையில் யாங்ஷுவோ என்ற ஊர் இருக்கிறது. 1980-களில் முதுகுப்பை மாட்டிய பயணிகள் வரத் தொடங்கி, அவர்களுக்காகவே அங்குள்ள மேற்குத் தெரு முழுக்க கஃபேக்களும் மதுக்கடைகளும் வளர்ந்தன. சிங்தாவ் நகரத்தின் பீர் ஆலையை 1903-இல் ஐரோப்பியர் தொடங்கினார்கள். அந்த ஆலை இன்று சீனாவின் பெருமைகளில் ஒன்று. இங்கேயோ மலையடிவாரத்துக் கஃபேக்களில் மதுவுக்கு இடமில்லை, சாப்பாடு பெரும்பாலும் சைவம். பீட்சா காய்கறியோடு வருகிறது, லசானியா பசலைக்கீரையோடு. வாங்குகிறவரும் விற்கிறவரும் மலையின் முகத்தைப் பார்த்துத்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சீனாவிலேயே எனக்கு இன்னும் நெருக்கமாகப் படும் கதை ஹார்பினுடையது. 1898-இல் ரஷ்யர்கள் ரயில்பாதை போட அங்கே வந்தார்கள். கூடவே அவர்கள் ரொட்டியும் வந்தது. சுரின் என்ற ரஷ்ய வணிகக் குடும்பம் 1900-இல் அங்கே கடை திறந்தது. ரஷ்யர்கள் போய்விட்டார்கள். விறகடுப்பில் சுட்ட, இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தப் பெரிய ரொட்டியை இன்று சீனர்களே சுடுகிறார்கள், சீனர்களே வாங்குகிறார்கள், ஊருக்குப் போகிறவர்கள் உறவுக்காரர்களுக்கு வாங்கிப் போகிறார்கள். விருந்தாளியின் சாப்பாடாக வந்தது வீட்டுச் சாப்பாடாகிவிட்டது. திருவண்ணாமலையில் அது இன்னும் நடக்கவில்லை.

இனி மேற்கே செங்கம் சாலை. அது கிருஷ்ணகிரிக்குப் போய் பெங்களூர் வழியைப் பிடிக்கிறது. பெங்களூர் சிக்பேட்டையில் 1898-இல், ஹாசன் பக்கத்து ஐயங்கார் குடும்பம் ஒன்று பி.பி. பேக்கரி தொடங்கியது. ஆங்கிலேயர் ஒருவரிடம் அடுப்பு ரொட்டி சுடக் கற்றுக்கொண்டு, முட்டை சேர்க்காமல் அதைச் செய்து காட்டினார்கள். ஆசாரமான வீட்டுக்குள்ளும் ரொட்டி நுழைந்தது அதனால்தான். இன்று ‘பெங்களூர் ஐயங்கார் பேக்கரி’ என்ற பலகை தமிழ்நாட்டின் எந்தத் தாலுகா ஊரிலும் தொங்குகிறது. அதோடு கேரளத்தின் பங்கையும் சேர்க்க வேண்டும். தலச்சேரியில் மம்பள்ளி பாபு 1880-இல் பிஸ்கட் தொழிற்கூடம் தொடங்கி, 1883-இல் கிறிஸ்துமஸ் கேக்கும் செய்தார். டீக்கடையும் பேக்கரியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இன்றைய அமைப்பில் மலையாளிகளின் உழைப்பு நிறைய. தேங்காய் பன், பப்ஸ், ரஸ்க் எல்லாம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்.

மூன்றாவது வேலூர் சாலை, வேங்கிக்கால் வழியாகப் போவது. வேலூரில் 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்றைய சி.எம்.சி. இந்த மாவட்டத்தில் பெரிய நோய் வந்த எத்தனையோ வீடுகள் இந்தச் சாலையில் பஸ் ஏறியிருக்கின்றன. கையில் ஒரு பிரெட் பாக்கெட். நம் வீடுகளில் பிரெட் என்றாலே காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். பாலில் தொட்டுக் கொடுத்த வெள்ளைத் துண்டு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர் ஹார்லிக்ஸ், சாத்துக்குடியோடு வாங்கிப் போவதும் அதையே. 1965-இல் மத்திய அரசே மாடர்ன் பேக்கரீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மெழுகுத்தாளில் சுற்றிய ரொட்டியைப் பல நகரங்களில் விற்றது. அமெரிக்கக் கோதுமை பி.எல். 480 திட்டத்தில் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த காலம் அது. 2000-இல் அந்த நிறுவனம் இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது. அரிசி தின்ற ஊரில் ரொட்டி நோயாளியின் உணவாக, அவசரத்துக்கு உதவும் உணவாக நிலைத்துவிட்டது.

ஆக, ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டவருக்கு ஒரு ரொட்டி, வேங்கிக்கால் பக்கம் நமக்கு ஒரு ரொட்டி. இந்தப் பாகுபாடு என் மனதை உறுத்துகிறது. ஏனென்றால் கஃபேயில் அந்தப் பழுப்பு ரொட்டியைச் சுடுவது வெளிநாட்டவர் அல்ல. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் பெண்களும் பையன்களும்தான். செய்முறைப் புத்தகத்தில் இருபத்து நாலு டிகிரி வெப்பத்துக்கு எழுதிய கணக்கு, நாற்பதைத் தொடும் வைகாசி வெயிலில் எடுபடாது. எட்டு மணி நேரம் ஊற வேண்டிய மாவு மூன்று மணி நேரத்தில் பொங்கி, அதன் பிறகு தளர்ந்து நீர்த்துவிடும். புளித்த மாவைக் குறைத்துப் போட வேண்டும், குளிர்ந்த தண்ணீரில் பிசைய வேண்டும், ராத்திரியில் வேலை செய்ய வேண்டும், இடையில் ஃபிரிட்ஜில் வைத்து அடக்க வேண்டும். இட்லி மாவு பொங்கி வழிந்த அனுபவம் உள்ள கைக்கு இதெல்லாம் சீக்கிரம் பிடிபடும். விரலால் அழுத்தி, குழி மெல்ல மேலே வருகிறதா என்று பார்த்து அடுப்பில் வைக்கும் பக்குவத்தை எந்தப் பள்ளிக்கும் போய் அவர்கள் படிக்கவில்லை. இது ஒரு தொழிற்கலை. ஊர் அதை ஊரின் கலையாக எண்ண வேண்டும்.

2020 மார்ச்சில் சுற்றுலா விசாக்கள் நிறுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு கடைசியில்தான் திரும்ப வழங்கப்பட்டன. அந்த இடைவெளியில் ஆசிரமத்து வட்டாரம் வெறிச்சோடியது. பிறகு சென்னை, பெங்களூரிலிருந்து வார இறுதியில் வருகிறவர்கள் வந்தார்கள். ஆந்திர, தெலங்கானா பக்தர்கள் பெருவாரியாக வந்தார்கள், பலகைகளில் தெலுங்கு ஏறியது. கஃபே மேசைகளில் இப்போது இந்திய முகங்கள் அதிகம். ஆனாலும் விலைப்பட்டியல் வெளியூர்க்காரரின் பைக்குத்தான் பொருந்துகிறது. ஒரு ரொட்டியின் விலைக்கு வேங்கிக்காலில் ஒரு குடும்பமே பன்னும் டீயும் சாப்பிட்டுவிடலாம்.

இங்கே ‘கோதுமை பிரெட்’ என்று பழுப்பு நிறத்தில் பாக்கெட் கிடைக்கிறதே என்று கேட்கலாம். சர்க்கரை நோய்க்கு மைதா வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் அதை வாங்குகிறவர்கள் ஏராளம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். சேர்மானங்கள் அதிக எடையிலிருந்து குறைந்த எடைக்கு வரிசையாக எழுதப்பட வேண்டும் என்பது விதி. முதல் பெயர் சுத்திகரித்த கோதுமை மாவு என்றிருந்தால் அது மைதாதான். கேரமல் நிறம், அதாவது 150ஏ, என்றும் இருந்தால் அந்தப் பழுப்பு தவிட்டிலிருந்து வந்தது என்று நம்பிவிட வேண்டாம்.

நல்ல ரொட்டிக்கு மாவு, தண்ணீர், உப்பு, நேரம் போதும். ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் வாங்கும் கோதுமையைக் கல் பார்த்து, கழுவிக் காயவைத்து, மாவு மில்லில் கொடுத்து அரைத்தால் தவிடு போகாத மாவு கையில் இருக்கும். கால் பங்கு ராகி சேர்க்கலாம். ஆசிரமத்துப் பக்கம் வேலை பழகியவர்களில் ஒருவர் வேங்கிக்காலில் சின்னதாக ஓர் அடுப்பு போட்டு, முழு ரொட்டியாக மட்டும் விற்காமல் அரை, கால் என்று அறுத்தும், துண்டுக் கணக்கிலும் கொடுத்தால், பன் விலையை ஒட்டியே விற்க முடியும் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை அதிகாலையில் சுட்டு எடுத்தால் மனு எழுதிக் கொண்டுவருகிறவர்களுக்கு டீயோடு கொடுக்கலாம். இரண்டு துண்டுக்கு நடுவே வெல்லமும் வெண்ணெயும் தடவினால் ஜாம் தேவைப்படாது.