பீட்டரும் வெள்ளை முயலும்: குழந்தைகளின் பயம் பற்றி நூறு வருஷத்துக் கதை

உளவியல் பாடப்புத்தகத்தைக் கொஞ்சமாவது புரட்டியவர்களுக்கு 'குட்டி ஆல்பர்ட்' தெரிந்திருக்கும். 'குட்டி பீட்டர்' யார் என்று கேட்டால் பலர் முழிப்பார்கள். ஆல்பர்ட், பயம் உண்டாக்கப்பட்ட குழந்தை. பீட்டர், பயம் போக்கப்பட்ட குழந்தை. நான் உளவியல் படித்தவன் இல்லை, கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுபவன். ஆனாலும் ஒரு கோளாறை உண்டாக்கினவரைவிட அதைச் சரிசெய்தவரின் குறிப்புகள்தான் எனக்கு எப்பவும் சுவாரஸ்யம். இன்னிக்குப் பதற்றத்தால் தவிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரப்படும் பயிற்சிகளின் வேரைத் தேடிப் போனால், அது பீட்டரிடம்தான் கொண்டுபோய் விடுகிறது.

முதலில் ஆல்பர்ட் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜான் வாட்சன், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பயம் என்பது பெரும்பாலும் பழக்கத்தால் வருவது, அதை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிக் காட்ட முடியும் என்பது அவர் கட்சி. அவரும் ரோசலி ரேய்னரும் சுமார் 11 மாதக் குழந்தை ஒன்றிடம் வெள்ளை எலியைக் காட்டினார்கள். குழந்தை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் ஓர் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளுக்குப் பிறகு சத்தமே வேண்டியிருக்கவில்லை, எலியைப் பார்த்தாலே குழந்தை அழுதது. முயல், நாய், ரோமக் கோட்டு என்று பயம் பரவியது. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று நம்மவர்கள் சொல்லி வைத்ததைத்தான் அவர்கள் 1920-ல் ஆய்விதழில் எழுதினார்கள். உண்டாக்கிய பயத்தை எடுக்காமலேயே குழந்தையை அனுப்பியும் விட்டார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது.

இப்போது மேரி கவர் ஜோன்ஸ். 1897-ல் பிறந்தவர், வாசர் கல்லூரியில் ரேய்னரோடு படித்தவர். வாட்சனின் உரையைக் கேட்டபோது அவருக்குத் தோன்றிய கேள்வி ரொம்ப எளிமையானது: இப்படிப் பயத்தை உண்டாக்க முடியும்னா, அதே வழியில் எடுக்கவும் முடியணுமே?

நியூயார்க்கில் குழந்தைகளைத் தற்காலிகமாக வைத்துப் பராமரிக்கும் ஒரு விடுதியில், மூன்று மாதம் முதல் ஏழு வயது வரையிலான 70 குழந்தைகளை அவர் கவனித்தார். அவர்களில் பயம் இருந்தவர்களிடம் ஏழு வழிகளைச் சோதித்தார். 1924-ல் வெளியான அவர் கட்டுரையின் பட்டியலை என் மொழியில் தருகிறேன்:

1. பயப்படும் பொருளைக் கண்ணிலேயே காட்டாமல் விட்டுவிடுவது. (நம்ம ஊர் மொழியில், "வளர்ந்தா தானா சரியாயிடும்.")
2. பேசிப் புரியவைப்பது. ("அது ஒண்ணும் பண்ணாதும்மா.")
3. அதையே திரும்பத் திரும்பக் காட்டுவது.
4. மற்றப் பிள்ளைகள் கேலி செய்து அடக்குவது. ("இவ்ளோ பெரிய பையன், இதுக்குப் போயா!")
5. கவனத்தைத் திருப்புவது. ("அங்க பாரு, காக்கா!")
6. பயப்படும் பொருளைப் பிடித்தமான ஒன்றோடு மெல்லச் சேர்ப்பது.
7. பயப்படாத குழந்தைகளோடு விட்டு, பார்த்துப் பழக வைப்பது.

எங்கள் அபார்ட்மென்ட் படிக்கட்டில் ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால், முதல் ஐந்தும் காதில் விழுந்துவிடும். ஆனால் ஜோன்ஸ் தெளிவான வெற்றி என்று சொன்னது கடைசி இரண்டை மட்டும்தான்.

இரண்டாவது வழியில் அவருக்குக் கிடைத்த அனுபவம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. முயலுக்குப் பயப்படும் ஒரு சின்னப் பெண்ணிடம் ஒரு வாரம் தினமும் பத்து நிமிஷம் முயல் படம், முயல் பொம்மை, முயல் கதை என்று பேசியிருக்கிறார்கள். அவளும் ஆர்வமாகப் பேசினாள். முயலைத் தடவினேன், அழவே இல்லை என்றுகூடச் சொன்னாளாம். வாரக் கடைசியில் நிஜ முயலைக் கொண்டுவந்தால், கிட்டத்தட்ட அதே பழைய பயம்! வாயும் மனசும் ஒத்துக்கொண்டாலும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கும் தெரியும்ப்பா பயப்பட ஒண்ணும் இல்லைன்னு, ஆனா வயித்தைக் கலக்குது" என்று பரீட்சை நாளில் சொல்லும் பதினைந்து வயசுப் பிள்ளையின் நிலைமையும் இதுதானே.

பீட்டருக்கு ஆரம்பத்தில் வயது 2 வருடம் 10 மாதம். முயல், வெள்ளை எலி, ரோமக் கோட்டு, இறகு, பஞ்சு எல்லாவற்றுக்கும் பயம். யாரும் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய பயம் இல்லை, வீட்டிலிருந்தே வந்தது. அவனை அடக்க அவன் அம்மாவிடம் இருந்த ஒரே ஆயுதம் பயமுறுத்தல்தான் என்று ஜோன்ஸ் குறித்திருக்கிறார். யாரோ பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அந்த வீட்டு வசனம். பூச்சாண்டி எல்லா ஊரிலும் இருக்கிறான்.

முதலில் ஏழாவது வழி. முயலுக்குப் பயப்படாத மூன்று குழந்தைகளோடு பீட்டரை விளையாட விட்டு, முயலையும் கொண்டுவந்தார்கள். நல்ல முன்னேற்றம். நடுவில் அவனுக்கு விஷக்காய்ச்சல் வந்து சுமார் இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. வீடு திரும்ப டாக்சியில் ஏறும்போது ஒரு பெரிய நாய் அவன்மேல் பாய, சேர்த்து வைத்த தைரியமெல்லாம் போச்சு.

அப்புறம்தான் ஆறாவது வழிக்குப் போனார்கள். உயர நாற்காலியில் உட்காரவைத்து, அவனுக்குப் பிடித்த சாப்பாட்டைக் கொடுப்பார்கள். கூண்டில் இருக்கும் முயல், அவன் சாப்பிடுவதற்கு இடைஞ்சல் இல்லாத தூரம் வரைதான் வரும். மறுநாள் இன்னும் கொஞ்சம் பக்கம். அந்தத் தூரத்தை முடிவு செய்தது பீட்டரின் முகம். அவசரப்பட்டால் விபரீதமாகும், முயல் பயம் போவதற்குப் பதில் சாப்பாட்டின்மேல் பயம் வந்துவிடும் என்று ஜோன்ஸ் எச்சரித்திருக்கிறார்.

முன்னேற்றத்தை அளக்க அவர் 17 படிகள் வைத்திருந்தார். அறையில் எங்கே முயல் இருந்தாலும் அலறுவது முதல் படி. 12 அடி தள்ளி, 4 அடி, 3 அடி, கூண்டோடு பக்கத்தில், கூண்டில்லாமல் என்று போய், முயல் தன் விரலைக் கொறிக்க விடுவது கடைசிப் படி. நடுவில் ஒரு படியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்: முயல்மேல் துப்புவது, எதையாவது எடுத்து வீசுவது! நாமாக இருந்தால் அதுக்கு ஒரு அடி போட்டிருப்போம். ஜோன்ஸ் அதை முன்னேற்றம் என்று எழுதிக்கொண்டார். ஓடி ஒளிந்தவன் எதிர்த்து நிற்கிறான் அல்லவா.

கடைசியில் பீட்டர் முயலோடு கொஞ்சி விளையாடினான். அவர்கள் தொடவே தொடாத பஞ்சு, ரோமக் கோட்டு, இறகு பயங்களும் சேர்ந்தே போயின. பயம் பரவுகிற மாதிரியே தைரியமும் பரவியது.

இவ்வளவு நடந்தும் இந்த வேலை முப்பது வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஜோன்ஸ் கலிபோர்னியா போய், ஓக்லாந்தில் வளரிளம் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில் மூழ்கிவிட்டார். தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப், பயந்த பூனைகளுக்கு உணவு கொடுத்து மெல்ல மெல்லப் பயத்தைக் குறைத்து, அதே முறையை மனிதர்களுக்கும் கொண்டுவந்தார். 1958-ல் புத்தகமாக எழுதினார். ஜோன்ஸை 'நடத்தைச் சிகிச்சையின் தாய்' என்று சொன்னவரும் அவர்தான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை ஒழுங்கான பாடத்திட்டமாக்கியவர் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் கெண்டல். 1990-ல் வந்த அவருடைய 'கோப்பிங் கேட்' பயிற்சியில் முதல் பாதி புரிந்துகொள்வது: பயந்தால் உடம்பில் என்ன நடக்கிறது, மனசு என்ன கெட்டதை எதிர்பார்க்கிறது, அதற்கு என்ன செய்யலாம். இரண்டாம் பாதி, பயத்தைப் படிப்படியாக நேரில் சந்திப்பது. பேச்சு மட்டும் போதாது என்ற ஜோன்ஸின் பாடம் அப்படியே இருக்கிறது பாருங்கள்.

2008-ல் 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரை வைத்து ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு வந்தது. 12 வார முடிவில், இந்த மாதிரிப் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். மருந்து மட்டும் பெற்றவர்களில் 55, இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 81, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24.

அப்போ பெற்றோர்? யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் இதைத்தான் கேட்டார். பிள்ளைக்குப் பதில் நாமே பேசிவிடுவது, பயப்படும் இடத்துக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுப்பது, "எல்லாம் சரியாயிடுமா?" என்று இருபது தடவை கேட்டால் இருபது தடவையும் பதில் சொல்வது. எல்லாம் பாசம்தான். ஆனால் பயத்துக்குத் தீனி. 124 குழந்தைகளை வைத்து அவர் செய்த ஆய்வில் ஒரு பாதிக் குழந்தைகள் சிகிச்சைக்கே வரவில்லை, பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. இந்த உதவிகளை மெல்லக் குறைப்பது, கூடவே "உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா உன்னால தாங்க முடியும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது. பலன், குழந்தைக்கே நேரடியாகப் பயிற்சி கொடுத்ததற்குக் குறையவில்லை.

எங்கள் வீட்டில் எட்டாவது படிக்கும் மகளுக்கு வகுப்பில் எழுந்து பேசுவது என்றால் கை நடுங்கும். ஒரு பேப்பரில் அவளையே படிக்கட்டு வரையச் சொன்னோம். என்னிடம் வாசித்துக் காட்டுவது, போனில் பதிவு செய்வது, தோழியிடம் சொல்வது, வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்பது என்று ஒன்பது படி. ரெண்டு மாசத்தில் நாலாவது படியில் நிற்கிறாள், நடுவில் ஒரு தடவை இறங்கி ஏறியாச்சு. எந்தப் படியில் எத்தனை நாள் என்பது அவள் முடிவு.

ஒரு விஷயம். பயத்தால் வாரக்கணக்கில் பள்ளிக்கூடம், சாப்பாடு, தூக்கம் கெடுகிறது என்றால் பேப்பரில் படி வரைந்துகொண்டு இருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஜோன்ஸின் கட்டுரை சில பக்கங்கள்தான், எளிய ஆங்கிலம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும், படித்துப் பாருங்கள். ஓக்லாந்து ஆய்வைப் பற்றித் தனியா ஒரு பதிவு எழுதணும்.