ஊவாவின் நடைவழிகள்

19ஆம் நூற்றாண்டில் வறுமையால் மெலிந்த உடலோடு தென்னிந்தியாவிலிருந்து வந்து இலங்கையின் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழர், கங்காணி எனப்பட்ட ஆள்சேர்ப்பவரின் பின்னே காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து, அதன்பின் மலையேறி ஊவாப் பகுதியின் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். உடலைச் சிறிது சிறிதாகப் பழக்கிக்கொள்ள அவகாசமே தரப்படாத அந்நடையில் வழியிலேயே மாண்டோர் பலர் என்பது மலையக வரலாற்றில் மறைக்கலாகாத உண்மை. 1914இல் தலைமன்னாருக்கும் 1924இல் பதுளைக்கும் புகையிரதப் பாதை வந்தது; நெடுநடை ஓய்ந்தாலும், கோப்பிக்குப் பின் வந்த தேயிலைத் தோட்டங்களுக்குள் நடை குறையவில்லை. விடியற்காலைப் பிரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்தில், பெயர் கொடுத்த பெண்கள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறி, நிரை பிடித்துக் கொழுந்து பறித்து, நிறுவைக்காக மீண்டும் இறங்கினர். இன்று ஊவாவின் ஹப்புத்தளை, எல்ல பகுதிகளின் பழைய தோட்டப் பாதைகள் சில, 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பீக்கோ ட்ரெயில் என்னும் நடைவழியில் சேர்ந்துள்ளன; அது 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், நடைக்குப் புதியவர் தம் வலுவுக்கேற்ற ஒன்றிலிருந்து தொடங்க முடிகிறது.